நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் சுகாதாரமும் பாதுகாப்பும் பற்றிக் கணக்குச் சொல்ல வந்தால், முதலில் எதைச் சொல்ல வேண்டும்?

மருதமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வன்னியில் இருக்கிறோம். போன காலபோகத்தில், மாரி நெற்செய்கை நேரம், என் அண்ணாவுக்குப் பாம்பு கடித்தது. இரவு எட்டரை மணி இருக்கும். வயலுக்குத் தண்ணீர் மாறப் போனவர், வரம்பு சறுக்குகிறது என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். டோர்ச்சில் பற்றரி இறங்கி மஞ்சளாகத்தான் எரிந்ததாம். "தம்பி, புடையன் போல கிடக்கு" என்று போனில் சொன்னார். அவ்வளவுதான் கேட்டது, சிக்னல் போய்விட்டது.

ஆளைத் தூக்கி வந்த பிறகு வீட்டு முற்றத்தில் ஒரு வாக்குவாதம். அம்மா நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியிடம் போகச் சொன்னார். மச்சான் பெரியாஸ்பத்திரிக்கே நேரே விடுவோம் என்றார். நான் பக்கத்து ஆஸ்பத்திரி என்றேன். நாற்பது நிமிடம் அங்கேயே போனது. கடைசியில் ஓட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்றிரவு அங்கே டொக்டர் இல்லை. நேர்ஸ் ஒருவர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்து அம்புலன்ஸில் ஏற்றினார். பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அண்ணாவின் பல்முரசால் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இடது கண் இமை மூடிக்கொண்டே வந்தது.

உயிர் தப்பிவிட்டார். நாலு தரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள். இப்போது மாதாமாதம் கிளினிக். நெல்மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கமக்காரனுக்கு அதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் மக்கள் பிரதிநிதி ஒருவர் வந்து, செய்த வேலைகளை வாசித்தார். வீதி, மதகு, கட்டடத் திறப்பு. வேலைகள் நல்லவைதான். அம்மா பின்வரிசையில் இருந்து எழும்பிக் கேட்டார்: "தம்பி, இரவில பாம்பு கடிச்சா நாங்கள் எங்க போறது?" பார்ப்போம் என்றார். அம்மா கேட்டது பெரிய கேள்வி இல்லை. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. அந்த ஒரு வரி எங்களிடம் இல்லாமல்தான் அந்த நாற்பது நிமிடம் போனது.

ஆகவே கேட்கிறேன். எங்கள் உறுப்பினர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரமும் பாதுகாப்பும் பற்றிக் கணக்குச் சொல்வதென்றால், அதில் என்ன இருக்க வேண்டும்?

எடிசன்வாசி

அண்ணாவுக்கு விரைவில் பூரண சுகம் வரட்டும், தம்பி.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஊர் ஒட்டுசுட்டான். இங்கே மாநிலச் சட்டசபைக்கு 40 தொகுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும். இப்படிப்பட்ட மாநில உறுப்பினர்களிடமிருந்து எங்களுக்குத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒரு கடிதம் வரும். அரசியலும் இருக்கும், படமும் இருக்கும். ஆனால் நடுவில் பயன்படுகிற விஷயமும் இருக்கும். காய்ச்சல் தடுப்பூசி எந்த நாள் எந்த மண்டபத்தில் போடுகிறார்கள், வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற வலிமாத்திரைகளை ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம், மனம் உடைந்து போனால் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், இப்படி. அந்த 988 எண் 2022 யூலையில்தான் வந்தது. எனக்கு அது தெரியவந்தது அப்படியான ஒரு கடிதத்தால்தான்.

என் அம்மா அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைப்பார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எண்களை மட்டும் வட்டம் போட்டிருப்பார். எங்கள் ஊரிலும் அப்படி ஒட்டி வைக்கத்தக்க ஒரு தாள் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கச்சேரிவாசல்

ஓய்வுபெற்ற எழுதுவினைஞன் நான். எடிசன்வாசி சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாநில உறுப்பினர் என்று அங்கே ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அந்த இடத்தில் யார்?

வடக்கு மாகாண சபை 2013 செப்ரெம்பரில் தெரிவானது. 38 உறுப்பினர்கள். கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கு 5 பேர். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். மாவட்ட வைத்தியசாலை முதல் கிராமத்துச் சிகிச்சை நிலையம் வரை மாகாணத் திணைக்களத்தின் கீழ்தான் வருகின்றன. அதாவது உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கதிரையே வெறுமையாக இருக்கிறது. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாக்குக் கேட்டு வந்து மண்டபத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

பொலிஸ் விஷயம் இன்னும் வேறு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணத்துக்கென்று எழுதப்பட்டது, கைக்கு வரவேயில்லை. ஆகவே பாதுகாப்புக்குக் கொழும்பு, சுகாதாரத்துக்கு மாகாணம், குப்பைக்கும் தெருவிளக்குக்கும் பிரதேச சபை. மக்களுக்கு இது மூன்றும் ஒரே இரவில் நடக்கிற விஷயம்.

இன்னொன்று. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான், 6 எம்.பி.மார். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து வாக்களிக்கிறது. மாங்குளத்தில் இருப்பவரும் முறிகண்டிக்கு அங்கால் இருப்பவரும் ஒரே வீதியில் போய் வருகிறார்கள், கேள்வி கேட்க வேண்டியது வேறு வேறு ஆட்களிடம்.

செம்மண்

கோபிக்காமல் வாசியுங்கள். எங்கள் எம்.பி.மாரை அனுப்பியது காணி கேட்க, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி கேட்க, அதிகாரம் கேட்க. இப்போது அவர்களைப் பாம்பு மருந்துக் குப்பி எண்ணச் சொன்னால், அரசாங்கத்துக்கு அதுதான் வசதி. "மக்கள் அபிவிருத்திதான் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார்கள். என் சித்தி வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காகப் படத்தைப் பிடித்தபடி இருந்தவர். அங்கே இருந்தே அவருக்கு நீரிழிவு முற்றியது. அந்தக் கேள்வியைக் கீழே இறக்கி வைக்க எனக்கு மனம் வராது.

மருதமரத்தடி

செம்மண் அண்ணை, உங்கள் சித்தியின் கேள்வியை யாரும் இறக்கி வைக்கக் கூடாது. நானும் அதற்குத்தான் வாக்களித்தேன். ஆனால் நீங்களே எழுதிவிட்டீர்கள், கொட்டிலில் இருந்தே நீரிழிவு முற்றியது என்று. நீதி வரும் வரை அந்த அம்மாக்கள் உயிரோடு இருக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம், சீனி பார்க்க ஒரு நேர்ஸை வரவழைக்க யாராவது ஓர் உறுப்பினர் கேட்டிருந்தால், அதிகாரக் கோரிக்கை குறைந்தா போயிருக்கும்? இரண்டையும் ஒரே வாயால் கேட்கலாம் என்றுதான் நம்புகிறேன்.

வாட்டில்இருந்து

நான் வன்னியில் வேலை செய்கிற தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். தொடங்கியவரின் பதிவை வாசித்தபோது தொண்டை அடைத்தது. அந்த இரவில் நின்ற நேர்ஸ் போல நானும் எத்தனையோ இரவு நின்றிருக்கிறேன்.

எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி மருந்து இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கச் சொல்லி இங்கே யாராவது கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். புடையன் கடித்த ஒருவருக்கே 10, 20 குப்பி என்று போகும். காலையில் சொன்ன கணக்கு மாலையில் பிழைத்துவிடும். அதை நம்பிச் சனம் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி 50 கிலோமீற்றர் ஓடும், வழியில் மூச்சு நின்றுவிடும்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வருவது இந்தியாவில் தயாரிக்கிற மருந்து. அங்குள்ள பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி எடுப்பது. ஏற்றும்போது பலருக்கு ஒவ்வாமை வரும்: உடம்பெல்லாம் தடித்து, அழுத்தம் விழுந்து, மூச்சு இறுகும். அதனால் முதலில் தோலுக்கு அடியில் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டுவிட்டு, பக்கத்திலேயே டொக்டர் நிற்க வேண்டும். குப்பி அலுமாரியில் இருந்தும் டொக்டர் இல்லாவிட்டால் எங்கள் கை கட்டப்பட்டதுதான்.

நாங்கள் செய்கிற முதல் சோதனை மிக எளிது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு குழாயைச் சரித்துப் பார்ப்போம். கட்டியாகி நின்றால் மனம் கொஞ்சம் ஆறும். தண்ணீர் போல ஓடினால் புடையன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த 20 நிமிடம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, பழக்கமானவர்களுக்கும் கைகால் குளிரும்.

அப்புறம், கடிபட்டால்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடித்த காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு வர வேண்டாம். பரியாரியிடம் போவதாக இருந்தால் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு போங்கள், நாங்கள் தடுக்க மாட்டோம். பாயில் படுப்பவர்களை எட்டடி விரியன் நித்திரையில் கடித்தால் நோவே இராது. விடிய வயிற்றுக்குத்தும் கண் இமை சொருகுவதும் என்று வருவார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உறுப்பினரிடம் கேட்க வேண்டியது குப்பிக் கணக்கை அல்ல, இதைத்தான்: இரவு 8 மணிக்குப் பிறகு டொக்டர் நிற்கிற ஆஸ்பத்திரிகள் எவை? நிற்காத இடத்துக்கு எப்போது டொக்டர் வருவார்? ஒரு நோயாளியை மாற்றி அனுப்ப அம்புலன்ஸ் சராசரி எத்தனை நிமிடத்தில் வருகிறது? இந்த மூன்றையும் ஒருவர் ஒவ்வொரு மூன்று மாதமும் பொதுவில் வாசித்தால், எங்களுக்கும் மேலே கேட்க வாய் வரும்.

மருதமரத்தடி

அக்கா, நான் அந்தக் குப்பிக் கணக்கைத்தான் கேட்பதாக இருந்தேன். இப்போது விளங்குகிறது. அன்று அண்ணாவைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிழையோ என்று இத்தனை மாதம் மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

வாட்டில்இருந்து

பிழை இல்லை தம்பி. முற்றத்தில் போன நாற்பது நிமிடம்தான் நட்டம். 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தீர்களா?

மருதமரத்தடி

இல்லை அக்கா. அது கொழும்புப் பக்கம்தான் என்று நினைத்திருந்தோம்.

வாட்டில்இருந்து

பாருங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. காசு இல்லை. தமிழில் பேசலாம். வண்டி வரும் வரை என்ன செய்வது என்று போனிலேயே சொல்வார்கள். உட்கிராமங்களுக்கு வரச் சுணங்கும், அது உண்மை. அதற்காக அழைக்காமல் விடக் கூடாது. எத்தனை வருடமாகியும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு இந்த எண் போய்ச் சேரவில்லை என்றால், அந்தத் தாளின் முதல் வரி அதுதான்.

நெடுங்கேணியான்

எங்கள் பக்கம் யானை. வேலி போட்டிருக்கிறார்கள். கொடி படர்ந்து, மழைக்கு மரக்கொப்பு விழுந்து, கம்பியில் மின்சாரம் ஓடாமல் கிடக்கிறது. வேலி எத்தனை கிலோமீற்றர் போட்டோம் என்று சொல்வார்கள், இன்றிரவு எத்தனை கிலோமீற்றர் வேலை செய்கிறது என்று சொல்வார் இல்லை. எனக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

எலிக்காய்ச்சலையும் சேருங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணப் பக்கம் ஆட்கள் செத்த பிறகுதான் எங்கள் ஊரிலும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். எலியின் சிறுநீர், மாட்டின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் காலில் உள்ள வெடிப்பால் உள்ளே போகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் குறைவது. உழவு தொடங்கும் முன்பே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் டொக்சிசைக்கிளின் கேட்டு எடுக்கலாம், கிழமைக்கு ஒருமுறை குடிக்கிற மாத்திரை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒருவர் வயல் வரம்பிலேயே வந்து நின்று கொடுத்தார், அவரை வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் அவர் வந்தது விதைத்து முடிந்த பிறகு.

வாட்டில்இருந்து

அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. வேறு வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பி.எச்.ஐ.யிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வெள்ளைத்தடி

நான் முகமாலையில் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தவள். எட்டு வருடம். இந்த இழையை வாசிக்க எனக்கு அந்த வேலையின் பின்னேரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

முகக்கண்ணாடிக்குள் வியர்வை வழியும், துடைக்க ஏலாது. முழங்காலில் இருந்து சின்ன முள்வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்திருக்கும், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் பின்னேரம் வேலை முடியும்போது தடி நடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வெள்ளைத் தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்தது. சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் இன்னும் பார்க்காதது. இன்று எத்தனை சதுர மீற்றர், என்ன எடுத்தோம், மிச்சம் எவ்வளவு. அதைப் பார்த்துத்தான் நாளைக்கு வருகிறவள் கால் வைப்பாள். மிச்சத்தை மறைத்தால் அவளுடைய கால் போகும்.

எங்கள் தலைவர்கள் வாசிக்கிற கணக்கில் வெள்ளைத் தடி மட்டும்தான் இருக்கிறது. சிவப்புத் தடியையும் நடச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் இரவில் டொக்டர் இல்லை, எந்த வேலியில் மின்சாரம் இல்லை, எந்தக் காணி இன்னும் பார்க்கப்படவில்லை. அதைச் சொன்னால் வாக்குக் குறையும் என்று பயப்படுகிறார்கள். எனக்கென்றால் அப்படிச் சொல்கிறவரைத்தான் நம்பிக்கை வரும்.

வெடி பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 க்குள் துப்புரவாக்கி முடிக்க வேண்டும். அது வரை, வெள்ளம் வடிந்த காணியில் குப்பை கூட்டி எரிக்கும் முன் பாருங்கள். பிள்ளைகளைப் பழைய இரும்பு பொறுக்க விடாதீர்கள். துருப்பிடித்த எதையும் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு பொலிஸ் எண் 119 க்குச் சொல்லுங்கள்.

பரந்தன்ரீச்சர்

வெள்ளைத்தடி அக்காவின் பதிவை நாளைக்கு என் பத்தாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

என் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம். ஒன்று புகையிரதக் கடவை. கிளிநொச்சிக்கு 2013 இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 இலும் ரயில் திரும்ப வந்தது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் ரயிலே இல்லை. தண்டவாளம் பார்த்துக் கடக்கிற பழக்கம் ஒரு தலைமுறைக்கே கிடையாது. ஏ9 வீதியில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடுகளும் அதே கணக்குத்தான், இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கிட்டப் போகும் வரை தெரியாது.

மற்றது வெள்ளம். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையை விட்டுவிட்டு இடைத்தங்கல் முகாமுக்கு வந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல். இரண்டு தரமும் சனம் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கள் ஒழுங்கைக்கு வரும்? இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் மாதம் தவறாமல் கிளினிக் போகிறவர்களும் முகாமுக்குப் போனால் மருந்து எங்கே எடுப்பது? ஐப்பசி பிறக்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

ஐஸ் போதைப்பொருள், கசிப்பு பற்றி எழுதத் தொடங்கினால் நிற்காது, அதற்கு வேறு இழை திறக்கிறேன்.

கச்சேரிவாசல்

சரி, யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எம்.பி.மாரும் எல்லாத் திணைக்களத் தலைவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். சுகாதாரம், பொலிஸ், வனஜீவராசிகள், நீர்ப்பாசனம், மூன்று அடுக்கும் ஒன்றுசேர்கிற இடம் எங்களுக்கு அது ஒன்றுதான். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கேள்வியை எழுத்தில் எம்.பி.யின் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், தாளில் கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் ஏறும்.

அதோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். தருவோமா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தாதி பிள்ளை எழுதிய மூன்று கேள்வியும் இதற்கு அப்படியே பொருந்தும். பதில் வந்ததும் அதன் பிரதியை உறுப்பினருக்குக் கொடுத்து, "இதை நீங்கள் மண்டபத்தில் வாசியுங்கள்" என்று கேளுங்கள். அவரைக் குற்றம் சாட்டுகிறோம் என்று நினைக்க மாட்டார், கையில் ஆயுதம் கொடுக்கிறோம் என்றுதான் எடுப்பார். நான் அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன், வெவ்வேறு கட்சி.

செம்மண்

வெள்ளைத்தடி தங்கச்சி எழுதியது என்னை மாற்றிவிட்டது. மிச்சத்தைச் சொல்லு என்று கேட்பதுதான் என் சித்தியும் கேட்டது. அந்தத் தாளில் மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற வரியையும் போடுங்கள். கதிரை வெறுமையாக இருப்பதும் ஒரு சுகாதாரப் பிரச்சினை. கடிதத்தை யார் எழுதுகிறீர்கள்? நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

மருதமரத்தடி

நான் எழுதிவிட்டேன் அண்ணை. பார்த்துத் திருத்துங்கள்.

"ஐயா, வணக்கம். காலபோகம் தொடங்க முன் எங்கள் ஊர்களுக்கு ஒரு பக்கத் தாள் ஒன்று வேண்டும். அதில் 1990, 119, 117 எண்கள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் பிறகு டொக்டர் நிற்கிற ஆஸ்பத்திரிகளின் பெயரும், நிற்காதவற்றின் பெயரும் இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் மாத்திரை எந்தத் திகதியில் எங்கே கிடைக்கும், யானை வேலியில் மின்சாரம் ஓடுகிற பகுதியும் ஓடாத பகுதியும், வெள்ளம் வந்தால் எந்தப் பாடசாலை, அங்கே மருந்து யார் கொண்டு வருவார்கள் என்று எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்து, இதில் முடிந்தது எது, மிச்சம் எது என்று வாசிக்க வேண்டும். மாகாண சபைத் தேர்தல் பற்றி நீங்கள் கேட்டதையும் கிடைத்த பதிலையும் அதே கூட்டத்தில் சொல்ல வேண்டும்."

அண்ணா பக்கத்தில் இருந்து வாசித்தார். "செருப்பைக் கழற்றாதே, சப்பாத்துப் போடு என்று ஒரு வரி சேர்" என்றார். சேர்த்திருக்கிறேன்.

நெடுங்கேணியான்

எங்கள் ஊர்ப் பிரதியில் 30 பேரிடம் கையொப்பம் வாங்கித் தருகிறேன். ஞாயிறு சங்கக் கூட்டம் இருக்கிறது, அங்கே வைத்தே வாங்கலாம்.

பரந்தன்ரீச்சர்

கிளிநொச்சிக்கு வேறு பிரதி வேண்டும், எம்.பி.மார் வேறு. அதை நான் பார்க்கிறேன்.

வாட்டில்இருந்து

இரவு வேலைக்குப் போகிறேன். "டொக்டர் நிற்காதவற்றின் பெயரும்" என்ற இடத்தை யார் சொன்னாலும் வெட்ட விடாதீர்கள்.